ஆயில் பிரஷர் லைட்: அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்பது எப்படி

காரின் ஒயரிங்கில் ஆயில் பிரஷர் லைட் அளவுக்கு எளிதானது வேறு இல்லை. ஒரு ஃபியூஸ், ஒரு பல்ப், ஒரு ஒயர், இன்ஜின் பிளாக்கில் முறுக்கிய ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். அப்படியிருந்தும் டிராக்குக்கென்று கட்டுகிற கார்களில் கடைசி நேரத்தில் அவசரமாகப் பார்க்கப்படுவது இதுதான். இன்ஜின் ஒரு காரிலிருந்து வந்திருக்கும், டாஷ்போர்டு நாமே அலுமினியத் தகட்டில் வெட்டியது, ஒயரிங்கை ஒருவர் ஆரம்பித்து இன்னொருவர் முடித்திருப்பார். லைட் எரிந்தால் "சுவிட்சு போயிருக்குமுங்க, மாத்திக்கலாம்" என்ற பேச்சுதான் முதலில் வரும். அந்தப் பேச்சை நம்பி ஓட்டினால் போவது சுவிட்ச் அல்ல, கிராங்க்கும் பேரிங்கும்.

கார் கட்டும் பழக்கம் கோயம்புத்தூருக்குப் புதிதல்ல. மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினை வைத்து பந்தய வீரர் கரிவர்தன் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கியது 1980களின் பிற்பகுதியில். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தய டிராக் 2003-இல் வந்தது. இன்று கல்லூரி மாணவர்கள்கூட அங்கே சொந்தமாகக் கட்டிய காரைக் கொண்டுவந்து ஓட்டுகிறார்கள். அவர்களுக்கும், பழைய எஸ்டீமையோ ஜென்னையோ டிராக் காராக மாற்றுகிறவர்களுக்கும், வீட்டு ஷெட்டில் ஒரு பழைய எம்ஜி வைத்திருப்பவர்களுக்கும் இது பயன்படும். சர்க்யூட் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சர்க்யூட் எப்படி ஓடுகிறது

சாவியை ஆன் செய்ததும் 12 வோல்ட் ஃபியூஸ் வழியாக பல்பின் ஒரு முனைக்கு வந்து நிற்கும். பல்பின் மறுமுனையிலிருந்து ஒற்றை ஒயர் சுவிட்சின் டெர்மினலுக்குப் போகும். சுவிட்சின் உடம்பு, மரை வழியாக பிளாக்கில் எர்த் ஆகிறது. பிரஷர் இல்லாதபோது சுவிட்சுக்குள் காண்டாக்ட் மூடியிருக்கும், அதனால் லைட் எரியும். இன்ஜின் ஓடி பிரஷர் ஏறியதும் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் காண்டாக்டைத் தள்ளித் திறக்கும், லைட் அணையும். கம்பெனியிலிருந்து வரும் சுவிட்சுகள் பெரும்பாலும் 0.3 முதல் 0.5 பார் வரையில், அதாவது சுமார் 4 முதல் 7 பிஎஸ்ஐயில் திறந்துவிடும்.

இங்கே சுவிட்ச் திறந்து மூடுவது எர்த் பக்கத்தை. அதனால் பல்புக்கும் சுவிட்சுக்கும் நடுவே ஒயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் லைட் எரிந்துகொண்டே இருக்கும். அதே ஒயர் எங்காவது அறுந்தால் லைட் எரியவே எரியாது. முதல் பிழை கண்ணை உறுத்தும், யாராவது கவனித்துச் சரி செய்துவிடுவார்கள். இரண்டாவது சத்தமில்லாமல் இருக்கும், எனக்கு அதைக் கண்டால்தான் பயம்.

கையில் வேண்டியவை: ஒரு டெஸ்ட் லாம்ப், ஒரு மல்டிமீட்டர், குழாயோடு கூடிய ஒரு மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் கேஜ். கேஜை விட்டுவிட்டு மற்ற இரண்டோடு சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஒயர் சரியா தவறா என்பதை மீட்டர் சொல்லும். ஆயில் போகிறதா இல்லையா என்பதைச் சொல்ல கேஜ் ஒன்றால்தான் முடியும்.

சாவி ஆன் செய்தும் லைட் எரியவில்லை

சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்றுங்கள். சாவியை ஆனில் வைத்து, ஒயரின் முனையை பெயின்ட் இல்லாத இடமாகப் பார்த்து பிளாக்கில் தொடுங்கள். நடுவே பல்ப் இருப்பதால் இதில் ஷார்ட் ஆகாது, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கழற்றிய ஒயர் ஆயில் லைட்டுடையதுதான் என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

தொட்டதும் லைட் எரிந்தால் ஃபியூஸ், பல்ப், ஒயர் மூன்றும் சரி. பிழை சுவிட்சில் இருக்கிறது, அல்லது சுவிட்சுக்கு எர்த் இல்லை. இன்ஜின் நின்றிருக்கும்போது டெர்மினலுக்கும் சுவிட்சின் உடம்புக்கும் நடுவே ஓம் அளந்து பாருங்கள். ஏறக்குறைய பூஜ்யம் காட்டினால் சுவிட்ச் நல்லதே. அடுத்து டெர்மினலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளங்கள். அங்கே பூஜ்யம் வரவில்லை என்றால் எர்த் போயிருக்கிறது.

எர்த் போவதற்கு டிராக் கார்களில் ஒரு வழக்கமான காரணம் உண்டு. சுவிட்சை பிளாக்கில் வைக்காமல், ஒரு குழாய் எடுத்து, இன்ஜினுக்கும் ஓட்டுகிறவருக்கும் நடுவே இருக்கும் தடுப்பான ஃபயர்வாலில் மாட்டியிருப்பார்கள். ஃபயர்வால் ஃபைபராக இருந்தாலோ, பிராக்கெட்டுக்கு ரப்பர் வாஷர் போட்டிருந்தாலோ, சுவிட்சின் உடம்பு எதையும் தொடாது. குழாயின் மேல் பின்னியிருக்கும் ஸ்டீல் கம்பி எர்த் கொடுக்கும் என்று நம்பக் கூடாது. பிராக்கெட்டிலிருந்து இன்ஜினுக்குத் தனியாக ஒரு எர்த் ஒயர் இழுத்துவிடுங்கள். இன்னொரு காரணம் டெஃப்லான் டேப். பைப் வேலைக்குச் சுற்றுவதுபோல மரை முழுக்கச் சுற்றி முறுக்கினால் எர்த் சந்தேகத்துக்கு உரியதாகிவிடும். அதைவிட மோசம், டேப்பின் நூல் பிய்ந்து ஆயில் ஓடும் வழிக்குள் போவது. மரைக்குத் தடவும் திரவ சீலன்ட் ஒரு துளி போதும், அதையும் முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுத் தடவ வேண்டும்.

பிளாக்கில் தொட்டும் எரியவில்லை என்றால் மேலே போங்கள். ஃபியூஸில் 12 வோல்ட் வருகிறதா, பல்பின் ஹோல்டர் வரைக்கும் வருகிறதா, பல்பைத் தாண்டி வருகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். மின்சாரம் எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கு முந்தைய துண்டில்தான் பிழை. எல்இடி போட்டிருந்தால் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். சாதாரண பல்ப் எப்படிப் போட்டாலும் எரியும், எல்இடி எரியாது.

இன்ஜின் ஓடும்போதும் லைட் அணையவில்லை

இன்ஜினை நிறுத்துங்கள், ஆராய்ச்சி அப்புறம். 6000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு நொடிக்கு 100 சுற்று சுற்றுகிறது. பேரிங்கில் ஆயில் படலம் இல்லாமல் ஐந்து நொடி ஓட்டினால் 500 சுற்று. பிட் வரைக்கும் கொண்டுபோய்விடலாம் என்று ஓட்டுவதற்கு அந்தக் கணக்கு இடம் கொடுக்காது. டிராக் ஓரமாக ஒதுங்கி, சாவியை ஆஃப் செய்து, தள்ளிக்கொண்டு வாருங்கள்.

முதலில் ஆயில் ஸ்டிக். அளவு குறைந்திருந்தால் எங்கே போனது என்று கண்டுபிடிக்க வேண்டும், வெறுமனே ஊற்றிவிட்டு மறுபடி ஓட்டக் கூடாது. அளவு சரியாக இருந்தாலும் வேலை முடிந்துவிடவில்லை. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகளில் வேலை செய்யும் எலக்ட்ரீசியன்களிடம் "ஏனுங்கண்ணா, ஆயில் ஃபுல்லா இருக்குது, லைட்டு ஏனுங்க எரியுது?" என்று கேட்டால், "ஸ்டிக்குல ஆயில் இருந்தா ஆச்சுங்களா தம்பி, பேரிங்குக்குப் போகோணுமில்ல" என்பார்கள். ராத்திரி பகலாக ஓடும் இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறவர்கள், இந்த விஷயத்தில் அவர்கள் சொல்வதைக் கேட்கலாம்.

அடுத்தது, இன்ஜின் நின்ற நிலையிலேயே சாவியை ஆன் செய்து, சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்றி, எதையும் தொடாமல் பிடியுங்கள். லைட் அப்படியும் எரிந்தால் ஒயர் எங்கோ பாடியைத் தொடுகிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கமாகப் போகும் இடத்தையும், ஃபயர்வால் ஓட்டை வழியாக நுழையும் இடத்தையும் முதலில் பாருங்கள். ஓட்டையில் ரப்பர் கிராமட் இல்லாமல் விட்டிருந்தால் தகட்டின் விளிம்பு ஒயரின் தோலை அறுத்திருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒயரை இழுத்துத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கம் செம்பு நகம் அளவுக்குப் பளபளக்கும்.

ஒயரைக் கழற்றியதும் லைட் அணைந்தால் ஒயர் நல்லது. அப்போது மிச்சம் இரண்டே சாத்தியம்: சுவிட்ச் மூடியபடியே சிக்கிக்கொண்டது, அல்லது நிஜமாகவே பிரஷர் இல்லை. இந்த இடத்தில்தான் கேஜ் வேண்டும். சுவிட்சைக் கழற்றி, அதே ஓட்டையில் கேஜின் குழாயை முறுக்கி, இக்னிஷன் காயிலின் இணைப்பையும் இன்ஜெக்டர் இணைப்பையும் எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றுங்கள். ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டால் ஸ்டார்ட்டருக்குச் சுமை குறையும். நல்ல இன்ஜினில் ஸ்டார்ட்டர் சுற்றும்போதே கேஜின் முள் எழும். முள் அசைந்தால் மட்டும் இணைப்புகளை மாட்டி இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். அசையவில்லை என்றால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். பம்ப், அது ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர், மிஞ்சிய பிரஷரை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு என்று உள்ளே பார்க்க வேண்டிய வேலை அது.

கேஜில் பிரஷர் நன்றாக இருக்கிறது, சுவிட்ச் மட்டும் திறக்கவில்லை என்பது உறுதியானால் தாராளமாகச் சுவிட்சை மாற்றுங்கள். மாற்றும்போது மரையைக் கவனிக்க வேண்டும். ஜப்பானிய இன்ஜின்களில் பெரும்பாலும் 1/8 அங்குல பிஎஸ்பி டேப்பர் மரை, அங்குலத்துக்கு 28. அமெரிக்க கேஜ்களோடு வருவது 1/8 என்பிடி, அங்குலத்துக்கு 27. ஐரோப்பிய இன்ஜின்களில் எம்10 மரை நிறைய உண்டு. 28-க்கும் 27-க்கும் வித்தியாசம் கையில் தெரியாது, முதல் சில சுற்று இரண்டும் ஒன்றுபோல ஏறும். அப்புறம் இறுகும், ஸ்பானர் போட்டு முறுக்கினால் அலுமினிய ஹவுசிங் விரியும். மரை கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு, அடாப்டர் தேவைப்பட்டால் கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் ஏதாவது ஒரு லேத் பட்டறையில் கொடுத்தால் பித்தளையில் கடைந்து கொடுத்துவிடுவார்கள். பழைய சுவிட்ச், புது சுவிட்ச் இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள். வாயால் அளவு சொல்லி வாங்கி வருகிற அடாப்டர்தான் பிறகு ஒழுகும்.

ஸ்டார்ட் செய்ததும் லைட் அணையச் சில நொடி ஆகிறது

ராத்திரி முழுக்க நின்ற கார் காலையில் இப்படிச் செய்தால் முதலில் ஆயில் ஃபில்டரைப் பாருங்கள். ஃபில்டருக்குள் ஆயில் திரும்பி வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு ஒன்று உண்டு. மலிவான ஃபில்டரில் அது சீக்கிரம் விறைத்துப்போகும். ஃபில்டர் காலியாகிவிட்டால் பம்ப் முதலில் அதை நிரப்பிவிட்டுத்தான் பேரிங்குக்கு அனுப்பும். நல்ல ஃபில்டர் போட்டும் மாறவில்லை என்றால் கேஜ் மாட்டிப் பாருங்கள்.

சூடான பிறகு ஐடிலில் மட்டும் மினுக்குகிறது

உங்கள் காரில் எந்தச் சுவிட்ச் இருக்கிறது என்பதைப் பொறுத்து இதன் அர்த்தமே மாறும். ரேஸ் காருக்கென்று 20 பிஎஸ்ஐ, அதாவது ஏறக்குறைய 1.4 பார் சுவிட்ச் போட்டிருந்தால், சூடான இன்ஜின் ஐடிலில் அதற்குக் கீழே இறங்குவது சாதாரணமாக நடக்கும். ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் அணைந்தால் கவலை இல்லை. கம்பெனி சுவிட்ச் மினுக்கினால் அப்படி விடக்கூடாது. 5 பிஎஸ்ஐகூட இல்லை என்று அது சொல்கிறது.

சித்திரை வெயிலில் கரூர், ஈரோடு பக்கம் 40 டிகிரி சாதாரணம். அந்த வெயிலில் நாலு சுற்று விரட்டிவிட்டு வந்து நின்றால் ஆயில் தண்ணீர்போல ஆகியிருக்கும். அதனால் வெயில் ஒரு காரணம்தான், ஆனால் அதன் தலையில் எல்லாவற்றையும் போடக்கூடாது. ஆயில் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால் கார்புரேட்டர் அதிகமாகக் கொடுத்து, எரியாத பெட்ரோல், இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்த ஆயிலில் பிரஷர் நிற்காது. ஐடில் ஆர்பிஎம் தேவைக்குக் கீழே இருக்கிறதா, ஆயிலின் கிரேடு இன்ஜினுக்குச் சொன்னதுதானா, ரிலீஃப் வால்வில் தூசி சிக்கி முழுசாக மூடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்து கேஜும் குறைவாகக் காட்டினால், பேரிங் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். லைட் தொந்தரவு செய்கிறது என்று, இன்னும் குறைந்த பிரஷரில் திறக்கும் சுவிட்சைத் தேடிப் போடுவது. அப்படி மாட்டிய கார் விற்பனைக்கு வந்தால், வாங்குகிறவருக்குத் தெரியாமல் அவருடைய இன்ஜின் ஏற்கெனவே போய்விட்டது.

வளைவில் மட்டும் ஒரு கணம் மினுக்குகிறது

ஸ்போர்ட்ஸ் காரில் மிக முக்கியமான அறிகுறி இது, மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். நேராகப் போகும்போது ஒன்றும் இல்லை, வலது வளைவில் நீளமாகத் திரும்பும்போது சிவப்பு ஒரு தரம் மின்னி மறையும். "லூஸ் காண்டாக்ட்" என்று ஒயரை ஆட்டிப் பார்த்துவிட்டு, டேப் சுற்றிவிட்டு மறுபடி போவார்கள்.

நடப்பது வேறு. வளைவில் பக்கவாட்டு விசை 1 ஜி, அதாவது புவியீர்ப்பின் அளவு, ஆனால் சம்பில் இருக்கும் ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாயும். ஆயில் முழுக்க ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்கும், மறுபக்கம் இருக்கும் ஸ்ட்ரெய்னர் காற்றை உறிஞ்சும். இடுப்பில் வைத்த குடம் சட்டென்று திரும்பும்போது ஒரு பக்கம் தளும்புமே, அதேதான். ரோடு கார்களின் சம்ப் இந்த அளவு விசைக்கென்று செய்யப்பட்டதல்ல. கடுமையாக பிரேக் பிடித்தால் ஆயில் முன்னால் ஓடும், அதுவும் சில இன்ஜின்களில் ஸ்ட்ரெய்னரை வெறுமையாக்கும்.

கம்பெனி சுவிட்ச் இதைக் காட்டுவதே அபூர்வம். நேர் பாதையில் 60 பிஎஸ்ஐ இருந்து, வளைவில் 15-க்கு இறங்கினால், அந்த ஆர்பிஎம்மில் 15 பேரிங்குக்குப் போதாது. ஆனால் 5 பிஎஸ்ஐ சுவிட்சுக்கு அது போதும், லைட் அணைந்தே இருக்கும். கம்பெனி சுவிட்ச் வளைவில் மினுக்கும் அளவுக்கு வந்துவிட்டது என்றால் நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது. டிராக்கில் ஓட்டும் எந்தக் காருக்கும் 20 பிஎஸ்ஐ சுவிட்ச் ஒன்றைத் தனியாகப் போடச் சொல்வது இதனால்தான். டி அடாப்டர் ஒன்றில் இரண்டு சுவிட்சுகளையும் வைத்து, கம்பெனி சுவிட்சுக்குச் சின்ன லைட்டும், 20 பிஎஸ்ஐக்கு நேர் பார்வையில் பெரிய லைட்டும் கொடுத்தால் ஐடிலில் குழப்பம் வராது.

டி அடாப்டரை பிளாக்கில் நேரடியாக முறுக்கி, அதில் கனமான கேஜ் சென்டரையும் (பிரஷரை அளந்து கேஜுக்கு அனுப்பும் sender) தொங்கவிடாதீர்கள். இன்ஜின் அதிர்வில் பித்தளைக் கழுத்து நாளடைவில் விரிசல் விடும். விரிசலில் பீய்ச்சும் ஆயில் பக்கத்தில் இருக்கும் எக்ஸாஸ்டில் விழுந்தால் தீப்பிடிக்கும். பிளாக்கிலிருந்து நல்ல குழாய் எடுத்து, டி-யை ஃபயர்வாலில் பிராக்கெட் போட்டு நிறுத்தி, அதற்கு எர்த் ஒயர் கொடுங்கள்.

மினுக்கல் மின் பிழையா ஆயிலா என்று பிரிக்க எளிய வழி உண்டு. கேஜும் லைட்டும் சேர்ந்து தெரியும்படி செல்போனை அசையாமல் மாட்டி வீடியோ எடுங்கள். ஓட்டுகிறவர் கண்ணால் பார்த்து நினைவில் வைப்பது நடக்காத காரியம், அவர் பார்வை வளைவில் இருக்க வேண்டும். வீடியோவில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே வளைவில் மினுக்கி, கேஜ் முள்ளும் கூடவே விழுந்தால் ஆயில்தான். முள் அசையாமல், குண்டு குழியில் ஏறும்போதெல்லாம் இஷ்டத்துக்கு மினுக்கினால் லூஸ் காண்டாக்ட்.

ஆயில்தான் என்று தெரிந்தால் வைத்தியம் சம்பில். முதலில் அளவு மேல் கோட்டில் இருக்கட்டும். அதற்கு மேலே ஊற்றிக்கொண்டே போனால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரையில் பிரஷர் இராது. சம்புக்குள் ஸ்ட்ரெய்னரைச் சுற்றித் தடுப்புத் தகடு வைத்து, ஆயில் உள்ளே வரும், வெளியே போகாது என்ற மாதிரி ஒருபக்கக் கதவுகள் பொருத்துவதுதான் முறையான வழி. நல்ல வெல்டர் இருந்தால் உள்ளூரிலேயே செய்யலாம். வெல்டிங் முடிந்ததும் சம்பைத் துப்புரவாகக் கழுவி, ஒரு பொறித்துகள்கூட உள்ளே இல்லை என்று பார்த்த பிறகுதான் மாட்ட வேண்டும். அதற்கு மேலே போனால் பிரஷரோடு ஆயிலைச் சேமித்து வைத்து, விழும்போது திருப்பிக் கொடுக்கும் அக்யூமுலேட்டர் இருக்கிறது, ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப் இருக்கிறது. செலவும் அந்த வரிசையிலேயே ஏறும்.

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலோ, கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ சாதாரண வேகத்தில் மினுக்கினால் கணக்கு வேறு. அங்கே வேகம் குறைவு, பக்கவாட்டு விசை பெரிதாக இருக்காது. வண்டியை ஓரமாக நிறுத்தி, சமதளமாகப் பார்த்து, ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்துதான் இருக்கும்.

லைட் முழுசாக அணையாமல் மங்கலாக எரிகிறது

எல்இடி போட்டவர்களுக்கு அடிக்கடி வரும். வாட்டர் சர்வீஸ் விட்டுவந்த அன்று பார்க்கலாம். சுவிட்சின் தலையில் ஈரமோ அழுக்கோ இருந்தால் துளி மின்சாரம் கசியும். பழைய பல்புக்கு அது போதாது, எல்இடிக்குப் போதும். ரப்பர் மூடியைக் கழற்றித் துடைத்துக் காயவையுங்கள். அப்படியும் நின்றபாடில்லை என்றால் எல்இடிக்கு இணையாக 1000 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் கசிவு அதன் வழியே போய்விடும்.

ரப்பர் மூடியைக் கழற்றும்போது உள்ளே பாருங்கள். ஈரம் தண்ணீராக இல்லாமல் ஆயிலாக இருந்தால், டெர்மினலைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் விளிம்பில் துளியாகத் தேங்கியிருந்தால், டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. ஆயில் சுவிட்சைத் தாண்டி வெளியே வருகிறது. ஒயரின் உள்ளே செம்பு இழைகள் வழியாகவே ஏறி, ஓரடி தள்ளியிருக்கும் கனெக்டர் வரைக்கும்கூடப் போயிருக்கும். அன்றைக்கே மாற்ற வேண்டிய சுவிட்ச் அது.

ஐடிலில் பிரகாசமாகவும், ரேஸ் கொடுத்தால் மங்கலாகவும் ஆனால், லைட்டின் ஒயரை சுவிட்சில் மாட்டாமல் கேஜ் சென்டரில் மாட்டியிருக்கிறீர்கள். சென்டருக்குள் இருப்பது பிரஷரோடு மாறும் ரெசிஸ்டன்ஸ், திறந்து மூடும் காண்டாக்ட் அல்ல. சில சென்டர்களில் இரண்டு டெர்மினல் இருக்கும். ஜெர்மன் விடிஓ சென்டரில் ஜி என்று குறித்தது கேஜுக்கு, டபிள்யூகே என்று குறித்தது லைட்டுக்கு. இடம் மாற்றி மாட்டுங்கள், உடனே செய்யுங்கள், பல்பின் மின்சாரம் சென்டரைக் கெடுத்துவிடும்.

ஆயில் லைட் மங்கல், கூடவே ஸ்டார்ட்டரும் சோம்பலாகச் சுற்றுகிறது, ஆக்சிலரேட்டர் கேபிள் சூடாகிறது என்றால், இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவே இருக்க வேண்டிய எர்த் பட்டை இல்லை அல்லது துருப்பிடித்திருக்கிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வோல்ட் அளங்கள். அரை வோல்ட்டுக்கு மேலே போனால் பட்டையை மாற்றுங்கள்.

நின்றால் அணைகிறது, ஓடினால் எரிகிறது

தலைகீழ் சுவிட்ச். பிரஷர் வந்தால் மூடும் வகை, பெட்ரோல் பம்பை நிறுத்தும் பாதுகாப்புக்காகச் செய்தது. சில வோல்க்ஸ்வேகன் இன்ஜின்களில் இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஒயரை மாற்றி மாட்டினாலும் இப்படித்தான் ஆகும். கடையில் வாங்கும்போதே மீட்டரை வைத்துப் பார்த்துவிடலாம்: சும்மா இருக்கும்போது டெர்மினலுக்கும் உடம்புக்கும் தொடர்பு இருந்தால் லைட்டுக்கு ஏற்றது.

சாவி ஆன் செய்தால் ஃபியூஸ் போகிறது

பல்பை நடுவில் வைக்காமல் 12 வோல்ட்டை நேராகச் சுவிட்சுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது சுவிட்ச் மூடியிருக்கும், அதனால் நேர் ஷார்ட். வரிசை எப்போதும் ஃபியூஸ், பல்ப், சுவிட்ச். ஃபியூஸ் 5 ஆம்பியர் போதும், ஒயர் 1 சதுர மில்லிமீட்டர் தாராளம். 1.2 வாட் பல்ப் இழுப்பது 0.1 ஆம்பியர்தான். வெயிலில் தெரியவில்லை என்று 21 வாட் பல்பை இதே சுவிட்சில் மாட்டாதீர்கள், காண்டாக்ட் கருகிவிடும். பெரிய விளக்கு வேண்டும் என்றால் ரிலே வையுங்கள். திறந்த காரில், உச்சி வெயிலில், ஹெல்மெட் போட்டவருக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பிரகாசத்தைவிட இடம் முக்கியம்: ஸ்டீயரிங்குக்கு மேலே, கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, மேலே ஒரு சின்னத் தகட்டு மறைப்போடு.

சாவி ஆஃப் செய்தும் எரிந்துகொண்டிருந்தால் பல்புக்கு பேட்டரியிலிருந்து நேராக எடுத்திருக்கிறார்கள். இக்னிஷன் பக்கத்துக்கு மாற்றுங்கள்.

ஒரு பிழையும் தெரியவில்லை, ஆனால் ஒயரிங் புதிது

இதை அறிகுறி என்று சொல்ல முடியாது, அதனால்தான் யாரும் பார்ப்பதில்லை. டாஷ்போர்டில் ஆயில் லைட்டும் சார்ஜிங் லைட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சாவி ஆன் செய்தால் இரண்டும் எரியும், ஸ்டார்ட் ஆனால் இரண்டும் அணையும். இரண்டு ஒயரும் மாறிப் போயிருந்தாலும் அப்படியே எரியும், அப்படியே அணையும். வருஷக்கணக்கில் தெரியாது. ஃபேன் பெல்ட் அறுந்த அன்று ஆயில் லைட் எரியும். ஆயில் போன அன்று பேட்டரிப் படம் எரியும், ஓட்டுகிறவர் "சார்ஜிங்தானே, வீடு போய்ப் பார்த்துக்கலாம்" என்று மிதித்துக்கொண்டு வருவார்.

டாஷ்போர்டைக் கழற்றி மாட்டிய எந்தக் காரிலும் இதைப் பாருங்கள். இன்ஜின் நிற்கட்டும், சாவியை ஆன் செய்யுங்கள், இரண்டு லைட்டும் எரிய வேண்டும். சுவிட்சிலிருந்து ஆயில் ஒயரைக் கழற்றச் சொல்லிவிட்டு நீங்கள் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். ஆயில் படம் போட்ட லைட் அணைந்தால் சரி. பேட்டரிப் படம் அணைந்தால் பல்ப் ஹோல்டருக்குப் பின்னால் இரண்டு ஒயரையும் மாற்றி, மறுபடி ஒருதரம் கழற்றிப் பார்த்துவிட்டு, சுவிட்சில் மாட்டி ரப்பர் மூடியை அழுத்திவிடுங்கள்.